இரத்தத்தில் அழுக்கா?

சென்ற மாதம் கட்டுகஸ்தோட்டையிலிருந்து தங்கை தன் மகளைக் கூட்டி வந்தாள். பதினாறு வயதுப் பிள்ளை. கன்னமெல்லாம் சிவந்து வீங்கிய பரு. "அக்கா, இவளுக்கு இரத்தம் அழுக்காயிட்டுது. எங்கே சோதிக்கலாம்?"

கண்டி பெரியாஸ்பத்திரி தோல் கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் இரத்தம் எடுக்கவில்லை. "என்ன பூசுகிறாய்?" என்றார். கைப்பையிலிருந்து பெயரில்லாத சின்ன டப்பா ஒன்று வந்தது. வெள்ளையாக்கும் கிறீமாம்! ஸ்டீரொய்ட் கலந்திருக்கலாம் என்றார்.

சகோதரிகளே, பரு அழுக்கினால் வருவதல்ல. தோலில் ஊறும் எண்ணெய் துவாரத்தில் அடைபட, எல்லோர் தோலிலும் வாழும் ஒருவகை பக்டீரியா அங்கே பெருகுகிறது. உடம்பின் நோயெதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்கிறது. இன்டர்லூக்கின் எனும் இரசாயனங்கள் வெள்ளையணுக்களை அங்கே அழைக்கின்றன. சிவப்பு, வீக்கம், சீழ் எல்லாம் அந்தச் சண்டையால்தான். ஆராய்ச்சிக்கூடங்களில் இவற்றை அளக்கிறார்கள். வைத்தியத்துக்கு முகத்தைப் பார்த்தாலே போதும். மாதவிடாய் தவறி, முகத்தில் முடியும் வளர்ந்தால் ஹோர்மோன் சோதனை தேவைப்படும்.

ஸ்டீரொய்ட் அந்தச் சண்டையை அடக்கிவிடும். சில நாளில் முகம் பளபளக்கும் (அதற்குத்தானே வாங்குகிறோம்). தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், புதிய பருவும் வரும். நிறுத்தினாலோ முகம் இன்னும் சிவந்து கிளம்பும்.

இப்போது பென்சொயில் பெரொக்சைட் பூசுகிறாள். பலன் தெரிய ஆறு கிழமையாவது ஆகுமாம். இரண்டு கிழமை டியூஷனுக்கே போகவில்லை. போன சனிக்கிழமை போனாளென்று தங்கை போன் பண்ணினாள்.