தகட்டைத் துடைப்பவர்கள், மீட்டரைப் பார்க்காதவர்கள்

ஓஎம்ஆரில் நான் நாலு வருடம் வேலை பார்த்த கட்டடத்தின் லாபியில், லிஃப்டுக்குப் பக்கத்தில், ஒரு வட்டக் கண்ணாடித் தகடு இருந்தது. நடுவில் இலைகள், அதைச் சுற்றி ‘லீட் பிளாட்டினம்’. மேலே எங்கள் மாடியில் ஏசி 20 டிகிரி. மே மாத மத்தியானத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கோட் அடிப்போம். “கொஞ்சம் ஏத்தி வைங்க ப்ரோ” என்றால், “சென்ட்ரல் ஏசி சார், இங்கேர்ந்து ஒண்ணும் பண்ண முடியாது” என்பார்கள். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது அந்த வாசலில் தண்ணி லாரிகள் வரிசைகட்டி நின்றன. பிறகு எங்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள். தகடு அங்கேயே இருந்தது. தினமும் யாரோ துடைத்தார்கள்.

லீட், அமெரிக்கப் பசுமைக் கட்டடக் கவுன்சில் உருவாக்கிய மதிப்பீட்டு முறை. மொத்தம் 110 மதிப்பெண். 60 எடுத்தால் தங்கம், 80 எடுத்தால் பிளாட்டினம். அதன் நான்காம் பதிப்பில் புதுக் கட்டடங்களுக்கான பட்டியலை ஒரு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். சதுப்புநிலம், வெள்ளம் வரும் நிலம் போன்றவற்றைத் தொடாமல் கட்டினால் 1 மதிப்பெண். சைக்கிள் நிறுத்தவும் குளிக்கவும் வசதி செய்தால் 1. லீட் பரீட்சை பாஸான நிபுணர் ஒருவரைக் குழுவில் வைத்துக்கொண்டால் அதற்கும் 1. பள்ளிக்கரணைக்குப் பக்கத்தில் வாழ்கிறவனுக்கு இந்தக் கணக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்: சதுப்பும் சைக்கிள் ஸ்டாண்டும் ஒரே விலை. (ஓஎம்ஆரில் சைக்கிளில் ஆபீஸ் வந்த ஒரே ஒரு ஆளை எனக்குத் தெரியும். அவனும் ரெண்டு வாரத்தில் பைக் வாங்கிவிட்டான்.)

பெரிய மதிப்பெண் மின்சாரத்தில்தான். அது வருகிற விதம் இன்னும் வேடிக்கை. உங்கள் கட்டடத்தைக் கணினியில் ஒரு மாடலாகச் செய்வார்கள். அதே பரப்பளவில், குறைந்தபட்ச விதிகளை மட்டும் பின்பற்றும் இன்னொரு கட்டடத்தையும் மாடலாகச் செய்வார்கள். அது பூமியில் எங்கும் கிடையாது. அதைவிட உங்களுடையது எவ்வளவு சிக்கனம் என்பதே உங்கள் மதிப்பெண். இரண்டுக்கும் வேலை நேரம் ஒன்று, ஏசி வெப்பநிலை ஒன்று. நீங்கள் 20 டிகிரி என்றால் அந்தக் கற்பனைக் கட்டடமும் 20 டிகிரியில் நடுங்கும். ஆக, எங்கள் ஸ்வெட்டர் இந்தக் கணக்கில் எங்குமே வராது. வெயில் ஊரில் சுவர் முழுக்கக் கண்ணாடி போட்டாலும், அதில் இழந்ததை விலை உயர்ந்த சில்லர் வாங்கி மீட்டுக்கொள்ளலாம்.

என் தொழிலில் இதற்குச் சமமான ஒன்று உண்டு. டெஸ்ட் எல்லாம் பச்சை, ப்ரொடக்‌ஷன் எரிகிறது. ஆனால் எங்களுக்கு அப்போது ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபோன் வரும். கட்டடக்காரர்களுக்கு யாரும் ஃபோன் செய்வதில்லை. நான்காம் பதிப்பில் மின்சாரப் பயன்பாட்டுத் தரவை ஐந்து வருடம் கவுன்சிலோடு பகிர ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஒரு நிபந்தனை வந்தது. நல்லதுதான். பகிர்ந்தால் போதும், குறைக்க வேண்டியதில்லை.

“எல்லாமே பொய்யா?” என்று கேட்டால், இல்லை. 2009இல் கனடா ஆய்வாளர்கள் லீட் வாங்கிய 100 கட்டடங்களின் உண்மையான பயன்பாட்டை அலசினார்கள். சராசரியாக அவை சாதாரணக் கட்டடங்களைவிடக் குறைவாகவே செலவழித்திருந்தன. ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் 28 முதல் 35 சதவீதம் வரை தங்களுக்கு இணையான சாதாரணக் கட்டடத்தைவிட அதிகம் தின்றிருந்தன. வாங்கிய பதக்கத்துக்கும் மீட்டருக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. நியூயார்க்கில் பிளாட்டினம் வாங்கிய பேங்க் ஆஃப் அமெரிக்கா டவர், 1931இல் திறந்த எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைவிடச் சதுர அடிக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் செலவழித்தது 2013இல் செய்தியானது. உள்ளே பங்குவணிகக் கணினிகள் அதிகம், கட்டடம் என்ன செய்யும் என்று சமாதானம் சொன்னார்கள். நியாயம்தான். அப்படியானால் பதக்கத்தை வரைபடத்தின் மேல் ஒட்டுங்கள், வாசலில் எதற்கு?

நான் ஒன்றும் தாத்தா வீட்டு முற்றத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. அந்தக் கட்டுரையை நீங்கள் ஏற்கெனவே பத்து தடவை படித்திருப்பீர்கள். நான் கேட்பது மீட்டர். ஆஸ்திரேலியாவில் நேபர்ஸ் என்றொரு முறை இருக்கிறது. 12 மாத மின்கட்டண பில்லைப் பார்த்துத்தான் நட்சத்திரம்; ஒரு வருடத்தில் காலாவதி. பெரிய அலுவலகத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ விளம்பரம் கொடுத்தால் அந்த நட்சத்திரத்தையும் அச்சிட வேண்டும் என்று 2010இல் சட்டமே போட்டார்கள். இந்தியாவுக்கு இது ஏதோ புதுசு என்று நினைக்க வேண்டாம். நம்முடைய எரிசக்தித் திறன் செயலகம் 2009இலேயே, ஒரு சதுர மீட்டருக்கு வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று பார்த்து அலுவலகங்களுக்கு நட்சத்திரம் தரும் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. விரும்பினால் வாங்கலாம், அவ்வளவுதான். ஆனால் சில மாநிலங்களில் பசுமைச் சான்றிதழ் காட்டினால் கூடுதல் தளப்பரப்பு கட்ட அனுமதி உண்டு. அந்தக் கூடுதல் மாடி ஊர் கொடுக்கிற பணம். கொடுத்தவர்கள் பில்லைப் பார்க்க வேண்டாமா?

இப்போதைய ஆபீஸிலும் ஒரு தகடு இருக்கிறது, தங்கம். போன மாதம் ஃபெசிலிட்டிஸ் மேனேஜரிடம், போன வருடம் எத்தனை யூனிட் ஆச்சு என்று கேட்டேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார்.

“அதெல்லாம் கான்ஃபிடென்ஷியல் சார். எதுக்கு கேக்குறீங்க?”