சிவப்புக் குறியை எங்கே வைப்பது?

"ஒரு மணி நேரமாகக் கூப்பிடுகிறேன் அண்ணே, ஒருவரும் பதில் தரவில்லை. ஆன்டெனா சரியில்லையோ?"

அமெச்சூர் வானொலித் தேர்வில் தேறி, 9டபிள்யூ2 என்று தொடங்கும் அழைப்புக் குறியீட்டைப் புதிதாகப் பெற்ற கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். அவருடைய கணினித் திரையைப் பார்த்தேன். ஆன்டெனாவில் குறையில்லை. குறை, அவர் குரல் கொடுத்த இடத்தில்தான் இருந்தது.

அவர் பயன்படுத்தியது எஃப்டி8 முறை. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் உருவாக்கி, 2017இல் வெளிவந்த முறை இது. 15 விநாடிக்கு ஒரு முறை. ஒருவர் அனுப்ப, அடுத்த முறை மற்றவர் பதில் அனுப்புவார். 20 மீட்டர் அலைவரிசையில் உலகமே 14.074 மெகாஹெர்ட்ஸில் கூடுகிறது. ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்வது 50 ஹெர்ட்ஸ் அகலம் மட்டுமே. ஆகவே, 2,500 ஹெர்ட்ஸ் இடத்தில் 50 பேர் இடிக்காமல் அருகருகே நிற்கலாம்.

டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளில் பச்சைக் குறி நாம் கேட்கும் இடம். சிவப்புக் குறி நாம் அனுப்பும் இடம். பொது அழைப்பு விடுத்தவரின் பெயரை இருமுறை சொடுக்கினால், இரண்டு குறிகளும் அவர் இருக்கும் இடத்துக்கே போய்விடும். அரிதான நிலையம் ஒன்று அழைத்தால் பலரும் அதையே செய்வார்கள். எல்லாரும் ஒரே விநாடியில், ஒரே அதிர்வெண்ணில் கத்தினால் அந்த நிலையத்துக்கு யார் குரல் புரியும்? பலமானவர் குரல் ஒருவேளை கேட்கும். சின்ன ஆன்டெனாக்காரர் குரல் அமுங்கிப் போகும்.

உண்மையில், அவர் இருக்கும் இடத்திலேயே பதில் சொல்ல வேண்டிய தேவை இல்லை. அவருடைய மென்பொருள் ஒரு குரலை மட்டும் அல்ல, திறந்திருக்கும் அகலம் முழுவதையும் ஒரே நேரத்தில் படிக்கிறது. காலியான இடத்தைத் தேடிச் சிவப்புக் குறியை அங்கே வைத்து, 'ஹோல்ட் டிஎக்ஸ் ஃப்ரீக்' பெட்டியில் குறியிட்டால் போதும். அதற்குப் பிறகு யாரைச் சொடுக்கினாலும் நம் இடம் நகராது. அந்த மாணவரும் அப்படியே செய்தார். மூன்றாவது அழைப்பில் பதில் வந்தது.

இன்னொன்றும் அவருக்குச் சொன்னேன். அனுப்பும்போது நம்மால் கேட்க முடியாது. நாம் அனுப்பும் அதே 15 விநாடியில் வேறொருவர் நம் இடத்தில் வந்து உட்கார்ந்தாலும் நமக்குத் தெரியாது. பதில் வரவில்லை என்றால், ஒரு முறை அனுப்பாமல் காதைக் கொடுங்கள். இடம் பறிபோயிருந்தால் நகருங்கள்.

கூட்டமில்லாத நேரத்தில் எங்கே நின்று அழைத்தாலும் கேடில்லை என்பது உண்மைதான். ஆனால் பழக்கம் கூட்டத்தில்தான் சோதிக்கப்படுகிறது. பதில் வராதபோது பல புதியவர்கள் செய்வது என்ன? சக்தியைக் கூட்டுகிறார்கள், ஒலியளவை ஏற்றுகிறார்கள். அளவு மீறிய ஒலி சிதைந்து, பக்கத்தில் இருப்பவரையும் கெடுக்கிறது.

ஆகவே என் கருத்து இதுதான்: புதியவர்களுக்குக் கம்பி இணைப்பும் கருவி அமைப்பும் கற்றுத் தரும் மூத்தவர்கள், அலைவரிசையைப் பார்த்து இடம் தேர்வு செய்வதையும் முதல் நாளிலேயே கற்றுத் தர வேண்டும். உரிமம் அனுப்பும் அனுமதியைத் தருகிறது. எங்கே, எப்போது அனுப்புவது என்ற நிதானத்தைத் தருவதில்லை. மென்பொருளும் அதைத் தராது. இருமுறை சொடுக்குவது வசதிக்காக வைத்த வழி. அதுவே விதி அல்ல.

இளையோரே, அடுத்த முறை அனுப்பும் பொத்தானைத் தொடுமுன் ஒரு நிமிடம் திரையைப் பாருங்கள். இடம் இருக்கிறது. முதலில் கேட்பவருக்குத்தான் அது கண்ணில் படும்.