முடியைப் பார்த்து முத்திரை குத்துவதா?

நெற்றியில் அடிக்கோல் வைத்து வெட்டியது போல நேரான முன்முடி. காதுக்கு மேல் இரு பக்கமும் ஒட்டச் சிரைத்திருக்கும். இதற்கு 'எட்கர் கட்' என்று பெயர். அமெரிக்காவில், குறிப்பாக டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் இதை விரும்பி வெட்டிக்கொள்கிறார்கள்.

வெறும் முடிதானே என்கிறீர்களா? இல்லை. 'எட்கர்' என்பதே அங்கு வசைச்சொல் ஆகிவிட்டது. அந்த முடியோடு ஒரு பையன் நடந்து வந்தால் படிக்காதவன், வம்பன் என்று முத்திரை விழுகிறது. பள்ளியில் இதைத் தடை செய்யச் சொல்லி மனு கூட எழுதினார்கள். வேதனை என்னவென்றால், கேலி செய்பவர்களில் பலர் அதே இனத்தவர்கள்!

இந்த முத்திரை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வரலாறு சாட்சி. 1942-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஓர் இளைஞர் இறந்தார். அந்த வழக்கில் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் கூட்டமாகக் கூண்டில் ஏற்றப்பட்டனர். முடி வெட்டிக்கொள்ளக்கூட அவர்களை விடவில்லை. வளர்ந்த முடியோடு நடுவர் குழுவின் முன் உட்கார வைத்தார்கள். பார்ப்பவர் கண்ணுக்குக் குண்டர் கும்பலாகத் தெரிய வேண்டாமா! 1943 ஜனவரியில் 17 பேருக்குத் தண்டனை. போதிய ஆதாரம் இல்லை என்று 1944-இல் மேல்முறையீட்டில் அத்தனையும் ரத்தானது. ஆனால் சிறையில் கழிந்த காலத்தை யார் திருப்பித் தருவார்?

இடையில், 1943 ஜூன் மாதத்தில், கடற்படையினர் அதே நகரத் தெருக்களில் இறங்கினர். தொளதொள உடை அணிந்த மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களைப் பிடித்து அடித்தனர், உடையைக் கிழித்தனர், முடியையும் வெட்டினர். அடி வாங்கியவர்களையே போலீஸ் கைது செய்தது.

2023-இல் டெக்சாஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பள்ளியிலும் வேலையிடத்திலும் இனத்தோடு தொடர்புடைய பின்னல், சடை போன்ற முடிக்காக ஒருவரை ஒதுக்கக் கூடாது. நல்ல சட்டம். ஆனால் எட்கர் கட்டின் பெயர் அதில் இல்லை.

பெற்றோர்களே, மகனின் முடி பிடிக்கவில்லை என்றால் வீட்டில் கண்டியுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளையை முடியை வைத்து 'கேங்' என்று சொல்லாதீர்கள். நாம் விளையாட்டாகச் சொல்லும் அந்தச் சொல்லைத்தான் நாளை அதிகாரி தன் குறிப்பேட்டில் எழுதுவார்.