இலைக்கட்டு சொல்லும் சுரங்கப் பாடம்

குழந்தைகளே! வடசேரி சந்தையில் வாழை இலைக் கட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். கட்டின் மேல் எடையை வைத்தால் இலைகள் நசுங்குமே தவிர, நகராது. ஆனால், கட்டைச் சாய்த்து வைத்து நாரை அவிழ்த்துப் பாருங்கள். இலைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் சரிந்துவிடும். இப்படி ஒரு பரப்பை இன்னொரு பரப்பின் மேல் நழுவ வைக்கப் பார்க்கும் விசையால் உண்டாவதுதான் 'சறுக்குப்பெயர்ச்சித் தகைவு'.

மலைக்குள்ளும் இதே கதை நடக்கிறது. 2023 நவம்பர் 12, தீபாவளி நாள். உத்தரகாண்ட் மாநிலம் சில்க்யாராவில் சுமார் 4.5 கி.மீ. நீளத்துக்குச் சாலைச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அதிகாலையில் அதன் ஒரு பகுதி சரிந்தது. 41 தொழிலாளர்கள் உள்ளே சிக்கிக்கொண்டார்கள். குழாய் வழியாகக் காற்றும் உணவும் போயின. துளையிடும் இயந்திரம் உடைந்தது. கடைசி சில மீட்டர்களை 'எலிவளை' தொழிலாளர்கள் கையாலேயே தோண்டினார்கள். 17-வது நாள் 41 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்!

மலை ஏன் சரிந்தது? நம் நாகர்கோவில் பக்கம் அதிகம் இருப்பது சார்னோக்கைட் என்ற கெட்டியான பாறை. இமயமலையோ இன்னும் நெருக்கி மடிக்கப்பட்டுக்கொண்டிருக்கும் இளைய மலை. சில்க்யாரா பகுதியில் பில்லைட் போன்ற, மெல்லிய அடுக்குகளாகப் பிரியும் பாறைகள் உண்டு. அடுக்குப் பாறையின் பலம் எல்லாத் திசையிலும் ஒன்றல்ல. அழுத்தும் திசைக்குக் குறுக்காக அடுக்குகள் இருந்தால் தாங்கும். சுமார் 30 டிகிரி சாய்வில் இருந்தால் எளிதில் நழுவும். இடையில் தண்ணீர் ஊறினால் இன்னும் மோசம். சுரங்கம் தோண்டும்போது, அதுவரை அடுக்குகளைத் தாங்கி நின்ற பாறையையே எடுத்துவிடுகிறோமே!

இதற்கு வழி உண்டு. இலைக்கட்டுக்கு நார் போல, பாறைக்குள் நீண்ட இரும்புக் கம்பிகளைச் செருகி அடுக்குகளைச் சேர்த்துக் கட்டுவார்கள். மேலே கான்கிரீட் கலவையைப் பீய்ச்சி அடிப்பார்கள்.

அப்படியானால், பாறையை மட்டும் குற்றம் சொல்லலாமா? கூடாது. 2018-ல் மத்திய அரசு இந்தச் சுரங்கத்துக்கு ஒப்புதல் தந்தபோது, தப்பிக்கும் பாதையும் திட்டத்தில் இருந்தது. விபத்து நடந்தபோது, சிக்கியவர்கள் வெளியேற அப்படி ஒரு பாதை இல்லை. 2025 பிப்ரவரியில் தெலங்கானாவின் ஸ்ரீசைலம் இடதுகரைக் கால்வாய்ச் சுரங்கம் சரிந்தது. அதில் சிக்கிய 8 பேரில் ஒருவரைக்கூட உயிருடன் மீட்க முடியவில்லை.

சாலையும் தண்ணீரும் நமக்கு வேண்டும்தான். ஆனால், பாறையைப் படிக்கச் செலவாகும் நாட்களை வீண் என்று நினைத்தால், அதற்கு விலை கொடுப்பவர்கள் உள்ளே வேலை செய்பவர்கள்.

அடுத்த முறை மலைப்பாதையில் போகும்போது, வெட்டிய பாறையில் தெரியும் கோடுகளைக் கவனியுங்கள். அவை சாலையை நோக்கிச் சாய்ந்திருக்கின்றனவா, மலைக்குள் சாய்ந்திருக்கின்றனவா? எது ஆபத்து என்று இப்போது உங்களுக்கே தெரியும்!