எஸ்ட்ரெலிட்டா கேட்ட கேள்வி

ஈக்வடாரின் அம்பாட்டோ நகரில், ஒரு வீட்டில் 18 ஆண்டுகள் வளர்ந்தது எஸ்ட்ரெலிட்டா என்ற பெண் கம்பளிக் குரங்கு. ஒரு மாதக் குட்டியாகக் காட்டிலிருந்து வந்தது. சைகைகளாலும் ஒலிகளாலும் வீட்டாரிடம் தன் தேவைகளைச் சொல்லப் பழகியிருந்தது. காட்டு விலங்கை வீட்டில் வளர்ப்பது அங்கே சட்டவிரோதம். 2019 செப்டம்பரில் அதிகாரிகள் அதைப் பறிமுதல் செய்து உயிரியல் பூங்காவில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் இறந்துபோனது. அது தெரியாமலேயே, டிசம்பரில் ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றம் போனார் வளர்த்தவர்.

இயற்கைக்கே உரிமை உண்டு என்று 2008இல் அரசமைப்புச் சட்டத்தில் எழுதிவைத்த நாடு ஈக்வடார். காட்டுக்கும் ஆற்றுக்கும் உள்ள அந்த உரிமை தனியொரு குரங்குக்கும் உண்டா? உண்டு என்று 2022 ஜனவரி 27 அன்று ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது அரசமைப்பு நீதிமன்றம். மனிதருக்குள்ள உரிமைகளை அப்படியே விலங்குக்குத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. அந்தந்த இனத்தின் இயல்புக்கேற்ற உரிமை என்றது. இறைச்சி உண்பதையும் அது தடுக்கவில்லை.

இந்தத் தீர்ப்பின் உயிர்நாடி வேறிடத்தில் இருக்கிறது. காட்டிலிருந்து பிரித்ததும் உரிமை மீறல், இத்தனை ஆண்டு வீட்டுப் பழக்கத்தையும் உடல்நிலையையும் பாராமல் இடம் மாற்றியதும் உரிமை மீறல் என்று வளர்த்தவர், அரசு இருவர்மீதும் அது குற்றம் கண்டது. வளர்த்தவரின் பாசமும் அதிகாரிகளின் சட்டமும் சேர்ந்துதான் அந்தக் குரங்கைக் கைவிட்டன. இனம் அழியாமல் காப்பது வனவிலங்குச் சட்டம். அந்த இனத்தின் ஓர் உயிருக்கு என்ன நேர்கிறது என்று கேட்க, உரிமை என்ற பிடி வேண்டியிருக்கிறது.

நம் உச்ச நீதிமன்றமும் 2014 ஜல்லிக்கட்டுத் தீர்ப்பில் அந்தப் பக்கம் ஓர் அடி எடுத்துவைத்து, அரசமைப்பின் 21ஆவது பிரிவு சொல்லும் உயிர் என்பதில் விலங்கையும் சேர்த்துப் பேசியது. 2023இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்று சொல்ல முன்னுதாரணம் இல்லையென்று நின்றுவிட்டது. ஜல்லிக்கட்டு வேண்டுமா, வேண்டாமா என்பது தனி வழக்கு. அதோடு இந்தக் கேள்வியையும் மூடிவிடக் கூடாது.

அரசமைப்புத் திருத்தத்துக்குக் காத்திருக்காமல் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கிளியோ குரங்கோ யானையோ, பறிமுதல் செய்யுமுன் அந்த உயிரைக் கால்நடை மருத்துவர் பார்த்து, எங்கே விட்டால் அது பிழைக்கும் என்று எழுத்தில் தர வேண்டும். இதை வனத் துறை கட்டாய விதியாக்க வேண்டும்.