‘காட்டு வேலையே பயிற்சிதானே?’

போடியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பெண்ணிடம் பிசியோதெரபி பற்றிப் பேசிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் முந்திக்கொண்டு சொல்வார்: “தோட்டத்துக்குப் போறவளுக்கு எதுக்குப் பயிற்சி? காட்டு வேலையே பயிற்சிதானே! பிசியோன்னா கரண்ட் வச்சு விடுறது. அதெல்லாம் ஆக்சிடெண்ட் ஆனவங்களுக்கு.” மூன்று பேச்சும் தவறு.

அதிகக் கேடு செய்வது முதல் பேச்சு. அவள் போவது ஏலத்தோட்டத்துக்கு. ஏலச்செடி ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். காயோ தூரிலிருந்து கிளம்பித் தரையை ஒட்டி ஓடும் சரத்தில் இருக்கும். விளைந்ததை மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். அதனால் பகல் முழுக்கக் குனிந்தோ குந்தியோதான் வேலை, அதுவும் சரிவில். போகவும் வரவும் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பில் நெருக்கியடித்த பயணம் வேறு. பயிற்சி என்றால் உடம்பு தாங்கும் சுமையைக் கொடுத்து, ஓய்வு விட்டு, மெல்லக் கூட்டுவது. காய் எடுப்பில் சுமையின் அளவை அவள் முடிவு செய்வதில்லை, ஓய்வையும் செய்வதில்லை. முதுகுத் தசை மணிக்கணக்கில் இழுபட்டே நிற்கிறது. முட்டி மடங்கியே கிடக்கிறது. நல்ல பிசியோதெரபிஸ்ட் அவள் வேலையைத்தான் முதலில் விசாரிப்பார். எத்தனை மணி நேரம், எந்தப் பக்கம் பை, எப்படிக் குந்துகிறாள் என்று கேட்டு, தொடைக்கும் இடுப்புக்கும் வலுவேற்றுவார். குனிவது, குந்துவது, ஒரு முட்டி ஊன்றுவது என மாற்றி மாற்றி வேலை செய்யப் பழக்குவார். கால் மரத்து, சிறுநீர் கட்டுப்பாடு தவறினால், உடனே மருத்துவமனைக்கு அனுப்புவதும் அவர் கடமை.

அடுத்து, கரண்ட். கருவியை மாட்டிவிட்டு அனுப்பும் இடங்கள் இருக்கவே செய்கின்றன. அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் தந்த வழிகாட்டுதல், உடற்பயிற்சியையும் வலியைப் புரியவைக்கும் கல்வியையும் பரிந்துரைக்கிறது. மின்தூண்டல், அல்ட்ராசவுண்ட், இடுப்பு பெல்ட் ஆகியவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. கரண்ட்தான் பிசியோ என்று நம்புகிறவர், அந்தத் துறையின் பலவீனமான ஓரத்தைப் பார்த்துவிட்டு முழுதையும் தள்ளுகிறார்.

விபத்துக்கு மட்டும் என்பதும் பொய். பக்கவாதம் வந்தவரைத் திரும்ப நடக்க வைப்பது, சர்க்கரை நோயாளியின் இறுகிப்போன தோள், மூளை முடக்குவாதத்தோடு பிறந்த பிள்ளை, நெஞ்சுச் சளி எல்லாம் அதில் அடக்கம். யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றும் உண்டு: பிரசவத்துக்குப் பிறகு தும்மினாலோ மூட்டை தூக்கினாலோ சிறுநீர் கசிவது. இடுப்புக் குழித் தசைப் பயிற்சியால் பெரும்பாலும் குறைகிற அந்தத் தொல்லையை, ‘பிள்ளை பெத்தா அப்படித்தான்’ என்று ஆயுள் முழுக்கச் சுமக்கிறார்கள்.

“கூலியை விட்டுட்டு யார் போவா?” என்ற கேள்வியில்தான் நியாயம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் பிசியோதெரபியை வீட்டுக்கே கொண்டுவருகிறது. ஆனால் காய் எடுப்புக் காலத்தில் அவள் விடியும் முன்னே ஜீப் ஏறிவிடுகிறாள். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அந்தச் சேவை அவளுக்குக் கிடைக்க வேண்டும்.