வீராம்பட்டினத்து ஒலிபெருக்கிக்கு இன்னும் வேலை இருக்கிறது

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை மையமாக வைத்துப் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையம் பண உதவி செய்தது. தொலைபேசி சரிவர எட்டாத ஊர்களுக்கு வானொலி அலைவழியே செய்தி போனது. மின்சாரம் நின்றால் சூரியத் தகடு கைகொடுத்தது. வீராம்பட்டினத்து மீனவர்களுக்குத் தெரியவேண்டியிருந்தது, கடல் எப்படி இருக்கும் என்பதுதான். அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட வங்கக் கடல் அலை உயரக் கணிப்பை இறக்கித் தமிழாக்கி அனுப்ப, ஊர் ஒலிபெருக்கி அதைக் கரை முழுக்கக் கேட்கும்படி சொன்னது. வலையைச் சரிசெய்துகொண்டிருந்தவரும், மீன் கூடையோடு கிளம்பிய பெண்ணும், எழுத்தறியாத முதியவரும் ஒரே நேரத்தில் ஒரே செய்தியைக் கேட்டார்கள். செய்தி தவறினால் மையத்துக்குப் போய், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கவும் முடிந்தது.

இன்று அதைவிடப் பன்மடங்கு தகவல் கைபேசியில் கிடைக்கிறது. ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அலை, காற்று, மீன் கிடைக்கும் இடம் எல்லாம் தருகிறது. போதாததற்கு, தமிழில் பேசிக் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டன. இதெல்லாம் முன்னேற்றம்தான். ஆனால் ஊர் சேர்ந்து கேட்பதும், சொன்னவரைத் திருப்பிக் கேட்பதும் இந்த ஏற்பாட்டில் கழன்று விழுந்துவிட்டன. வசதியைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்த இழப்பைப் பற்றி நாம் பேசுவதில்லை.

சுனாமி தாக்கிய 2004 டிசம்பர் 26 இதற்கு நல்ல சான்று. சிங்கப்பூரில் வேலை பார்த்த, புதுச்சேரியின் நல்லவாடு என்ற மீனவ ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். அது ஒரு வீட்டுக்கு வந்த அழைப்பு. அதை ஊருக்கான எச்சரிக்கையாக மாற்றியது தகவல் மையத்தின் ஒலிபெருக்கி. சுமார் 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊரில் வீடுகளும் படகுகளும் போயின, மக்கள் தப்பினார்கள். வீராம்பட்டினத்திலும் கடல் ஏறுவதைக் கண்டதும் ஒலிபெருக்கியில்தான் எச்சரித்தார்கள்.

ஒலிபெருக்கியும் பொய் சொல்லாதா என்று கேட்கலாம். சொல்லும். அதே வாரம் டிசம்பர் 30 அன்று, இன்னொரு சுனாமி வரக்கூடும் என மத்திய உள்துறை விடுத்த எச்சரிக்கையால் கடலோரமே அலறி ஓடியது, அலை வரவில்லை. ஆனால் எச்சரித்தது யார் என்று நாடறிந்திருந்தது. அரசே அதைத் திரும்பப் பெறவேண்டியும் வந்தது. வாட்ஸ்அப்பில் அப்படி இல்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, பிள்ளை பிடிக்க வந்தவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். அந்த வதந்தி எங்கிருந்து கிளம்பியது என்று ஊருக்குத் தெரியாது. மறுப்பு வந்தபோதும், வதந்தி போன கைகளுக்கெல்லாம் அது போய்ச் சேரவில்லை. அதன் பிறகுதான் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஒரே தட்டில் அனுப்ப முடியாதபடி செய்தது. செயற்கை நுண்ணறிவு இன்னும் ஒரு படி தாண்டுகிறது. குழுவில் வரும் வதந்தியையாவது நாலு பேர் பார்க்கிறார்கள், ஒருவர் மறுக்கலாம். செயலி ஒருவருக்கு மட்டும் சொன்ன தவறை இன்னொருவர் பார்க்கவே வழியில்லை. நேற்றைய கணிப்பையும் இன்றையதைப் போலவே தயங்காமல் சொல்ல அதற்கு வரும்.

வலுவான மறுப்பு வேறொன்று உண்டு. ஊர்ப் பொதுவில் எல்லாவற்றையும் கேட்க முடியுமா? முடியாது. ஒரு பெண் தன் உடல்நலம் பற்றியோ வீட்டில் வாங்கும் அடியைப் பற்றியோ மையத்துக்கு வந்து கேட்கத் தயங்குவாள். கைபேசி அவளுக்குத் தரும் தனிமையை யாரும் பறிக்கக்கூடாது. பொது இடம் என்பது எப்போதும் எல்லோருக்குமான இடமாக இருந்ததும் இல்லை. அதனால்தான், தலித் மக்கள் உட்பட யாரும் வரலாம் என்பதைத் தகவல் மையம் அமைக்க நிபந்தனையாகவே வைத்தார்கள். ஒலிபெருக்கி கடலுக்குள் எட்டாது என்பதும் உண்மை. ஆனால் கைபேசியும் அங்கே அதிக தூரம் எட்டுவதில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர்களை எச்சரிக்கை எட்டவில்லை என்பதை மறந்துவிட முடியாது. செயற்கைக்கோள் வழிச் செய்திக் கருவிகள் படகில் இருக்கவேண்டும் என்பதற்கு அதைவிடப் பெரிய வாதம் வேண்டாம்.

எனவே தனிமனிதரின் கேள்விக்குக் கைபேசி போதும். புயல், அலை, வெள்ளம், தடுப்பூசி, நிவாரணம் போன்று ஊரே சேர்ந்து முடிவெடுக்கவேண்டியவற்றுக்கு, செயலியைக் கேட்டுச் சரிபார்த்து, தேதியோடும் பெயரோடும் ஊருக்கு அறிவிக்கும் ஒரு ஆள் தேவை. சம்பளம் தந்தே அமர்த்தலாம். வருடம் ஒரு முறை வெள்ள நிவாரணத்துக்குச் செலவிடும் பணத்தில் அது ஒரு மூலைக்கும் காணாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியதை நினைத்தால் இந்தச் செலவுக்கு யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். அந்த ஆள் யாருக்குப் பதில் சொல்வது என்பதில்தான் சிக்கல். தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிக்கு என்றால், புதுச்சேரியில் 2006-இல் நடந்ததுதான் கடைசி உள்ளாட்சித் தேர்தல். மீனவப் பஞ்சாயத்து இருக்கிறது, ஆனால் அதில் பெண்களுக்கு இடமில்லை. உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போட்டுக்கொண்டே டிஜிட்டல் ஆளுகை பற்றிப் பேசும் அரசுகள் இதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.